கித்துல்கலையிலிருந்து எல்ல வரை: ஐந்து நாள் மலைப்பயணத் திட்டம் ஒன்றின் மதிப்பீடு

கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கும் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் ஐந்து நாள், நான்கு இரவு மலையகப் பயணத் திட்டத்தில் கடந்த மார்ச் மாதம் நாங்கள் நால்வர் சென்று வந்தோம். கித்துல்கலையில் படகு, சிவனொளிபாதமலை, ஹோட்டன் சமவெளி, லிப்டன் சீட், எல்ல மலை ஆகியவற்றை ஒரே கோவையாகக் கோத்து, வாகனம், தங்குமிடம், காலையும் இரவும் உணவு, நுழைவுக் கட்டணங்கள், வழிகாட்டி எல்லாம் அடங்க ஒருவருக்கு 74,000 ரூபாய் வாங்கினார்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இத்தகைய திட்டங்களைப் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்து விற்பதால், ஒருவரிடம் கண்ட குறை மற்றவரிடமும் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பதை அறிய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். 1983க்குப் பின் எங்கள் குடும்பம் வவுனியாவுக்குப் பெயர்ந்தது. மனைவியும் பதினேழு வயது மகளும் வன்னியின் தட்டை நிலத்தில் வளர்ந்தவர்கள். என் தங்கையின் மகனுக்கு இருபத்தொரு வயது, கிரிக்கெட் ஆடுபவன். எங்களில் எவரும் மலையேறிப் பழகியவர்கள் அல்லர். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. பதிவு செய்யும்போதே இவற்றையெல்லாம் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். அதை எவரும் படித்ததாகப் பிறகு எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் கித்துல்கல. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஏறக்குறைய 90 கிலோமீற்றர். நுவரெலியாவுக்குப் போகும் அந்தச் சாலை களனி கங்கையைத் தொட்டுத் தொட்டு மேலேறுகிறது. படகுப் பகுதியை நிறுவனம் தானே நடத்தாமல் உள்ளூர்க் குழுவொன்றிடம் ஒப்படைத்திருந்தது. ஐந்து நாட்களிலும் குறை சொல்ல இடம் குறைவாக இருந்த பகுதி இதுதான்.

ஆற்றங்கரைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. பதினொன்றுக்கு நீரில் இறங்குவதாகத் திட்டத்தில் இருந்தது. குழுத் தலைவர் கரையோரப் பாறையொன்றைச் சுட்டிக்காட்டி, அதன் கழுத்து வரை நீர் ஏறும் வரை இறங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். கித்துல்கலையில் ஆற்றின் நீர்மட்டம் மழையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மேலே கூடித்தான் களனி கங்கை ஆகிறது. இரண்டின் குறுக்கேயும் மவுசாக்கலை, காசல்ரீ என்று நீர்த்தேக்கங்கள் உள்ளன. அவற்றிலிருந்து லக்ஷபான தொகுதி மின்நிலையங்களுக்குப் போய்த் திரும்பும் நீர்தான் வறண்ட மாதங்களில் ஆற்றை ஓட வைக்கிறது. 35 மெகாவாற்று பிராட்லேண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோது படகுத் தொழில் என்னாகும் என்று இவ்வூரில் எழுந்த கவலை இன்னும் பேச்சில் இருக்கிறது. நீர் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் படகை இறக்க முடியும். நீர் குறைவாக இருக்கையில் இறங்கினால் படகு பாறையில் உட்கார்ந்துவிடும். விழுபவரின் கால் பாறையிடுக்கில் மாட்டவும் கூடும். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். என் மருமகன் பொறுமையிழந்து, "கட்டின காசுக்குப் பாறையப் பாத்துட்டு இருக்கணுமா மாமா?" என்று முணுமுணுத்தான். பன்னிரண்டு மணியளவில் பாறையின் கழுத்து மறைந்தது.

அந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் வீணாக்கவில்லை. ஒவ்வொருவரின் மிதவை அங்கியையும் தலைவர் தானே சரிபார்த்தார். இரண்டு தோள்பட்டிகளையும் பிடித்து மேல்நோக்கி உலுக்கித் தூக்கி, அங்கி காதைத் தொடுமளவு எழும்பினால் இடுப்புப் பட்டியை மீண்டும் இறுக்கினார். மகளுக்கு மூன்று முறை மாற்றினார். தலைக்கவசத்தின் பட்டிக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசைக்கு நீட்டி, பாதங்கள் நீர்மட்டத்தில் தெரியும்படி மிதக்க வேண்டும் என்பதையும், ஓடும் நீரில் எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்க முயலக்கூடாது என்பதையும் தரையில் படுத்துச் செய்து காட்டினார். வீசு கயிற்றை எப்படிப் பிடித்துத் தோளுக்கு மேலாகப் போட்டுக்கொள்வது என்பதையும் ஒவ்வொருவரையும் செய்யச் சொல்லிப் பார்த்தார்.

ஒரு குறை உண்டு. அது சிறிய குறையன்று. இந்த விளக்கம் முழுவதும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. கையொப்பமிடச் சொன்ன பொறுப்புத் துறப்புப் படிவமும் அவ்விரு மொழிகளிலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தனியார் படகுக் குழுவொன்றை அச்சட்டம் கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி. எனக்குக் கவலையளித்தது அதைவிட நடைமுறையான விடயம். என் மனைவிக்குச் சிங்களம் தெரியாது, ஆங்கிலம் வாசிப்பாரே தவிர வேகமாகப் பேசினால் பிடிபடாது. நீரில் நிற்கக்கூடாது என்ற ஒரு வாக்கியம் விளங்காமல் போனால் அதற்கு விலை உயிர். எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி இதைக் கவனித்து, முழு விளக்கத்தையும் மீண்டும் தமிழில் சொன்னார். அவர் இல்லாத குழுக்கள் என்ன செய்யும்? வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருவோர் பதிவு செய்யும்போதே பாதுகாப்பு விளக்கம் தமிழில் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

படகோட்டம் ஏறக்குறைய 5 கிலோமீற்றர். வெள்ளை நீரின் கடினத்தை அளக்கும் அளவுகோலில் இங்குள்ள பாய்ச்சல்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று எனும் படிகளில் வருபவை. முதல் முறை வருவோருக்குப் பொருத்தமானவை. பட்டர் கிரஞ்ச், ஹெட் சாப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹெட் சாப்பரில் படகின் மூக்கு சுவரில் இடித்ததுபோல் நின்று, பின் கீழே விழுந்தது. நீர் எங்கள் மேல் கவிந்த அந்தக் கணத்தில் மகள் துடுப்பை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன், நான்தான் விட்டிருந்தேன். கடைசி அரைக் கிலோமீற்றரில் ஆறு அடங்குகிறது. விரும்பியோர் இறங்கி மிதந்து வரலாம். முழங்கால் வலிக்காரரான என் மனைவி ஐந்து நாட்களிலும் வலியின்றிச் செய்தது இந்த மிதத்தல் ஒன்றைத்தான். இது ஒன்றுக்காகவே தனியாகக் கித்துல்கல போய்வரலாம். பயணத் திட்டம் எதுவும் தேவையில்லை.

மறுநாள் காலை பெலிலேன குகைக்கு நடந்தோம். பலாங்கொடை மனிதன் எனப்படும் தொல்மனிதரின் எச்சங்கள் கிடைத்த இடம். இறப்பர்த் தோட்டத்தினூடே ஏறும் பாதை. முந்தைய நாள் மாலை பெய்த மழையில் அட்டைகள் விழித்திருந்தன. அட்டை உறை தருவதாகத் திட்டத்தில் இருந்தது, தரவில்லை. தம்பி தன் பையிலிருந்து சவர்க்காரக் கட்டியொன்றை எடுத்து ஈரமாக்கி எங்கள் காலுறைகளில் தேய்த்துவிட்டார். எனக்கு நான்கு, மருமகனுக்கு ஒன்று என்று கணக்கு முடிந்தது.

இனி மலைகள். திட்டத்தைத் தீட்டியவர் வரைபடத்தையும் நாட்காட்டியையும் ஒருசேரப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்பது இரண்டாம் நாள் இரவு தெரிந்தது. வரைபடத்தை மட்டும் வைத்திருந்திருக்கிறார்.

சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அக்காலத்தில்தான் படிகளில் விளக்கெரியும், வழியெங்கும் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் இருட்டும்தான். ஆகவே மார்ச் மாதம் பொருத்தமானதே. ஆனால் எங்களை அனுப்பியதோ பௌர்ணமியோடு சேர்ந்த வாரவிறுதியின் சனிக்கிழமை இரவில். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வெள்ளை உடுத்த யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் இரவு அது. மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டால் சூரிய உதயத்துக்கு உச்சியை அடையலாம் என்று திட்டம் சொன்னது. வெறுமையான வார நாளில் அது சரி. அன்றிரவு, 2,243 மீற்றர் உயரமுள்ள மலையின் கடைசி ஆயிரம் படிகளில் நாங்கள் நடந்தோம் என்று சொல்வதைவிட வரிசையில் நின்றோம் என்பதே பொருந்தும். சில இடங்களில் படிக்கு ஒரு நிமிடம் கூட ஆயிற்று. உதயம் எங்களை வலப்பக்கக் கைப்பிடிக் கம்பியருகே, முன்னால் நின்ற பெரியவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பிடித்தது.

வரிசையில் நின்றதில் நட்டமில்லை என்று பக்தர்கள் சொல்லக்கூடும். நானும் பாதி ஒப்புக்கொள்வேன். புத்தர் பாதம், சிவன் பாதம், ஆதம் பாதம் என்று ஆளுக்கொரு நம்பிக்கையோடு ஏறும் கூட்டத்தில் முதியவர்களைக் கைபிடித்துத் தூக்கிவிடுவது எல்லோருக்கும் பொது வழக்கமாக இருந்தது. முன்னால் போன சிங்களக் குடும்பத்தினர் என் மனைவிக்கு இஞ்சித் தேநீரும் கித்துல் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார்கள். முதன்முறை ஏறுவோர் வெள்ளை நூலைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்த மகளும் நூல் வாங்கிக் கட்டினாள். ஆனால் நாங்கள் பணம் கட்டியது யாத்திரைக்கு மட்டும் அல்லவே. உதயத்தையும், மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே மேகத்தின் மேல் விழுவதையும் காட்டுவதாக விளம்பரத்தில் படத்தோடு சொல்லியிருந்தார்கள். இரவு ஏழு மணிக்கே புறப்பட்டிருந்தால், அல்லது இந்த நாளை வியாழனுக்கு மாற்றியிருந்தால் அதைப் பார்த்திருக்கலாம். தம்பி இரவு பத்து மணிக்கே எங்களை எழுப்பிவிட அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு அழைத்ததாகவும், திட்டத்தில் இருப்பதுபோல் செய்யுமாறு பதில் வந்ததாகவும் இறங்கும்போதுதான் சொன்னார். கொடுத்த நான்கு நெற்றிவிளக்குகளில் ஒன்று பாதி வழியில் அணைந்தது. படிகளில் விளக்கிருந்ததால் பிழைத்தோம்.

ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. நல்லதண்ணிப் பாதையில் படிகள் 5,500க்கும் அதிகம் என்பார்கள். ஒவ்வொன்றும் மனைவியின் முழங்காலில் பதிந்தது. ஊன்றுகோல் தருவதாக வாக்குறுதி ஏதும் இருக்கவில்லை, ஆகவே அதைக் குறையாகச் சொல்ல முடியாது. முழங்கால் வலியைப் படிவத்தில் எழுதி வாங்கியவர்கள் ஒன்றைக் கொண்டுபோகச் சொல்லியிருக்கலாம்.

அன்று பகல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி வந்தபோது, முதல் நாள் எங்களைத் தூக்கியெறிந்த நீர் இங்கிருந்தும் வந்ததுதான் என்று தம்பி சொல்ல, மகள் சன்னலை இறக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தாள். பழைய மஸ்கெலியா நகரம் இந்த நீருக்கடியில் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் சுவர்கள் தலைகாட்டும். நாங்கள் போனபோது மேல்விளிம்புச் செம்மண் மட்டுமே தெரிந்தது. ஆறு பிறக்குமிடத்தையும் பாயுமிடத்தையும் அடுத்தடுத்த நாட்களில் காட்டும் இந்த ஒழுங்கு திட்டத்தில் தற்செயலாக அமைந்ததாகவே நினைக்கிறேன். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஹட்டனிலிருந்து பட்டிப்பொல வரை புகையிரதம். முன்பதிவு ஆசனம் என்று சொல்லியிருந்தார்கள். கிடைத்தது மூன்றாம் வகுப்பில் நிற்க இடம். ஞாயிறு மாலை அந்தப் பாதையில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது என்றாலும், சொல்லாமல் இருந்திருக்கலாம். பட்டிப்பொல நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம், 1,898 மீற்றர். அங்கு நாங்கள் தங்கிய விடுதியில் போர்வை தடிப்பு, வெந்நீர் பொய், இரவுணவு நன்று.

ஹோட்டன் சமவெளி நாள் திட்டமிட்டபடி நடந்தது. வாயில் ஆறு மணிக்குத் திறக்கும்போது நாங்கள் வரிசையில் மூன்றாவது வாகனம். சமவெளிக்குள் பொலித்தீன் கொண்டுபோக விடுவதில்லை. பையைத் திறந்து பிஸ்கட்டின் உறையைக் கூட உரித்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார்கள். மருமகனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் சுற்றிவரும் பாதையில் ஒரு துண்டுக் குப்பையைக்கூடக் காணாதபோது வேடிக்கை போய் மரியாதை வந்துவிட்டது. புல்வெளியில் உறைபனி இல்லை, பனித்துளி மட்டும். மரைகள் சாலையோரமாக நின்று எங்களை மதிக்காமல் மேய்ந்தன.

சமவெளியின் விளிம்பான உலக முடிவுக்கு எட்டு மணிக்கு முன்பே சேர்ந்துவிட்டோம். நேரம் எத்தனை முக்கியம் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான இடம் மலையகத்தில் கிடையாது. செங்குத்தாக 870 மீற்றருக்கு மேல் விழும் அந்த விளிம்பில் நின்றால் கீழே தேயிலைத் தோட்டங்களும், தெற்கே சமதரையும், வளவைப் பக்கத்து நீர்த்தேக்கங்களின் மினுக்கமும் தெரிந்தன. கீழ்நிலம் சூடேற ஏற ஈரக்காற்று அந்தச் சுவரில் ஏறி மேகமாகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலடியில் வெள்ளைத் துணுக்கொன்று தோன்றி, சில நிமிடங்களில் எதிர்மலையைத் தின்றது. எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்த பெரிய குழுவொன்று வெள்ளைச் சுவரின் முன் நின்று படமெடுத்தது. பத்து மணிக்கு மேல் உலக முடிவைத் திட்டத்தில் வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டாதீர்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி அழகுதான். அங்கே நிற்க இடம் கிடைத்தால் இன்னும் அழகாக இருக்கும்.

ஐந்தாம் நாள் எனக்குச் சொந்த நாள் என்பதால் இந்தப் பகுதியில் என் தீர்ப்பு சற்றுச் சாய்ந்திருக்கக்கூடும், வாசிப்பவர் கழித்துக்கொள்ளலாம். ஹப்புத்தளையில் தங்கி, விடியற்காலையில் தம்பேதன்ன தொழிற்சாலைக்கு வாகனத்தில் சென்று, அங்கிருந்து லிப்டன் சீட் எனும் மலையுச்சிக் காட்சியிடத்துக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தோட்டத்துச் சாலையில் ஏறுவது நிகழ்ச்சி. 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அது. திட்டத்தின் அச்சுப்படியில் இந்த நடைக்கு நடுவே, "கொழுந்து பறிக்கும் பெண்களுடன் புகைப்படம், 20 நிமிடங்கள்" என்று ஒரு வரி இருந்தது.

அந்த வரியை எடுத்துவிடுமாறு நான் தம்பியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "நான் இதுவரைக்கும் அதச் செஞ்சதே இல்லைங்க ஐயா. எங்கம்மாவும் இந்த மலையிலதான் நிக்கிறாங்க" என்றார். காரணத்தையும் சொன்னார். நிர்ணயித்த கிலோவைப் பறித்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. குறைந்தால் அரைப்பேர் என்று கணக்கு இறங்கிவிடும். கொழுந்து நிறைந்த காலைப் பொழுதில் இருபது நிமிடம் நிற்பது என்பது அவர்கள் கூலியிலிருந்து எடுத்து நமக்குத் தரும் நேரம். சுற்றுலாவுக்கு வருவோர் சில நூறு ரூபாய்களை நீட்டுவதும் உண்டு, வாங்குபவர்களும் உண்டு. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நிறுவனம் தன் திட்டத்தில் அச்சிட்டு விற்கும் இருபது நிமிடத்துக்கு மலையில் நிற்பவருக்கு எதுவும் கொடுப்பதில்லை. என் அம்மாயி இதே உயரத்தில் நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்தவர். அவர் நடந்த மலையில் நடப்பதற்கு நான் பணம் கட்டி வந்திருப்பதை அறிந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்.

சாலையை விட்டுவிட்டுத் தம்பி எங்களைக் குறுக்குப் பாதைகளில் கூட்டிப்போனார். தேயிலை நிரைகளுக்கு நடுவே, கான்கள் எனும் வடிகால்களைத் தாண்டி, கல்லடுக்குப் படிகளில் ஏறும் அவ்வழிகள் வேலைக்குப் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கியவை. இவற்றை எந்த வரைபடத்திலும் காண முடியாது. எந்த மலையில் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்திருக்கிறது, எங்கே மருந்தடித்திருக்கிறது, எந்தப் பக்கம் நாய்கள் இருக்கின்றன என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கவ்வாத்து வெட்டிய செடியொன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கால் உயரத்துக்கு மொட்டையாய் நின்ற தண்டின் வெட்டுமுகம் ஒரே சாய்வில் இருப்பதைத் தடவிக் காட்டினார்; தண்ணீர் தேங்காமல் வழிந்தால்தான் தண்டு அழுகாதாம். மகள் தானும் தடவிப் பார்த்தாள். அதன் பின் தேயிலைத் தோட்டத்தைப் பச்சைக் கம்பளம் என்று அவள் சொல்லவில்லை. உச்சியில் காற்று பலமாக இருந்தது. தென்கிழக்கே கொஸ்லந்தைப் பக்கம் தெரிந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிந்து தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மூடிய பகுதி அது என்று தம்பி கைநீட்டியதோடு சரி, மேலே எதுவும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

காலையுணவு திட்டப்படி ஹப்புத்தளை விடுதியில். நாங்கள் உண்டதோ தம்பியின் சித்தி வீட்டில்: தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், பிளேன்டீ. பணத்தைச் சித்தி வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். அலுவலகக் கணக்கில் இந்தக் காலையுணவு இன்றும் விடுதிப் பற்றுச்சீட்டாகவே இருக்கும்.

பிற்பகலில் எல்ல. மதிய உணவு ஒன்றரைக்கு, இரண்டரைக்கு எல்ல மலை ஏற்றம், ஆறுக்கு இறங்குதல் என்று திட்டம் சொன்னது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலையகத்தின் பெரும்பகுதியில் பிற்பகல் இடிமழை வழக்கமானது என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது. மின்னல் அடிக்கும்போது திறந்த மலைமுகட்டில் நிற்கக்கூடாது என்பதற்கும் வழிகாட்டி தேவையில்லை. இரண்டு மணிக்கு நமுனுகுல மலையின் தலை முக்காடு போட்டிருந்தது. தம்பி அதைக் காட்டி, நான்கு மணிக்குள் இடி வரும், மேலே போக வேண்டாம் என்றார். ஒழுங்குக்காக அலுவலகத்தையும் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது: வாடிக்கையாளர் பணம் கட்டியிருக்கிறார்கள், திட்டத்தில் இருப்பதைக் கொடுக்காவிட்டால் முறைப்பாடு வரும், மழையங்கி கொடுத்திருக்கிறோமே என்றது மறுமுனை. அந்த மழையங்கி கைவைத்தால் கிழியும் மெல்லிய பிளாஸ்டிக் என்பது இருக்கட்டும். மின்னலுக்கு அங்கி ஏது?

நான் தொலைபேசியை வாங்கி, முறைப்பாடு வராது, போகாவிட்டால்தான் நன்றி வரும் என்று சொன்னேன். அப்போதும் அவர்கள் கேட்டது, ஏற்றத்தை நாங்களாகக் கைவிட்டோம் என்று ஒரு குறுஞ்செய்தி. அனுப்பினேன். தம்பி எங்களைத் தாழ்ந்த பாதையால் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடத்திச் சென்றார். 1921இல் முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தில் இரும்புச் சட்டம் கிடையாது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். பாலத்தை ஒட்டிய கடையொன்றின் தகரக் கூரைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். நான்கடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் எல்ல மலைப் பக்கம் முதல் மின்னல் இறங்கியது. சத்தம் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்து எங்களிடம் சேர்வதற்குள் மருமகன் மூன்று எண்ணியிருந்தான். கடைக்குள் தொப்பலாக நனைந்து ஓடி வந்தவர்களில் இருவர் மலையின் பாதி வழியிலிருந்து திரும்பியவர்கள். அவர்களுக்கும் திட்டத்தில் இரண்டரை மணி என்றே இருந்ததாம்.

மதிப்பீடு என்று எழுதத் தொடங்கியதால் கணக்கையும் சொல்ல வேண்டும். படகு, ஹோட்டன் சமவெளி, லிப்டன் சீட் நடை ஆகிய மூன்றும் கட்டிய பணத்துக்குக் குறையாதவை. சிவனொளிபாதமலை பாதிக்குப் பாதி. எல்ல மலை ஏற்றத்துக்கான பங்கைத் திருப்பித் தரும்படி கேட்டதற்கு, வாடிக்கையாளர் தாமாகக் கைவிட்டதால் தர இயலாது என்று என் குறுஞ்செய்தியையே எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். தங்குமிடங்கள் நான்கில் கித்துல்கலை மட்டும் சொன்னபடி இருந்தது. வாகனமும் சாரதியும் மிக நன்று. கினிகத்தேனை வளைவுகளில் ஒருமுறைகூட முந்த முயலாத சாரதியை நான் முதன்முதலாகக் கண்டேன். தனித்தனியாக நாமே ஒழுங்கு செய்தால் இதே பயணத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குச் செலவில் முடித்திருக்கலாம். ஆனால் அப்போது அந்தத் தம்பி கூட வந்திருக்கமாட்டார். நான் கொடுத்த 74,000 ரூபாயில் அவருக்கு நாட்கூலியாக எவ்வளவு போகிறது என்று கேட்டேன். சொன்ன தொகையை இங்கே எழுதினால் அவருடைய வேலைக்குக் கேடு வரும்.

ஓகஸ்டில் மீண்டும் போவதாக இருக்கிறோம். அப்போது தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டிருக்கும்; ஊவாப் பக்கமோ காய்ந்த காற்றோடு திறந்து கிடக்கும், அங்கே தேயிலையும் அந்த மாதங்களில்தான் நல்ல மணம் பிடிக்கும். ஆகவே இம்முறை படகும் சிவனொளிபாதமலையும் இல்லை. ஹப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, எல்ல மட்டும், மூன்று நாள். அதே நிறுவனத்திடம்தான் கேட்டிருக்கிறோம், அதே வழிகாட்டி வேண்டும் என்ற நிபந்தனையோடு. எந்த ஏற்றத்தை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்ற பட்டியலை இம்முறை தம்பியே எழுதித் தந்தார். எல்லாம் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில் தொடங்குகின்றன. அதை அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பினேன். இவ்வளவு காலையில் விடுதியில் உணவு கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. சித்தி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம்.